கீழ்வரிசை, இடது

டாக்யார்ட் ரோடில் இறங்கி
மழை ஒழுகும் படியேறி
டாக்டர் லியாவின் நாற்காலியில் சாய்ந்தால்
கண்ணுக்கு நேரே சீனத்துப் பாலம்.

காலண்டர் படம்தான்.
தேதி கிழித்துத் தீர்ந்து பத்தொன்பது வருஷமாச்சு,
அட்டை மட்டும் ஆணியில் நிற்கிறது.
ஒரே வளைவு. நடுவில் தூண் இல்லை.
வளைவின் தோளில் இந்தப் பக்கம் இரண்டு
அந்தப் பக்கம் இரண்டு
சின்னச் சின்ன ஓட்டைகள்.

"ஆ காட்டுங்க, பேச்சிபாய்."

பேச்சி என்று பேர்.
வாய் முழுக்கப் பஞ்சு.
அவர் மட்டும் பேசலாம்,
மஜ்காவ் இந்தியில், நடுநடுவே மராட்டியில்:
ஆயிரத்து நானூறு வருஷம், பாய்.
கல்லைக் கல் பிடித்துக்கொண்டிருக்கிறது.
வெள்ளம் வந்தால் இப்படிப் போகட்டும் என்று
கட்டியவன் வழி விட்டுவைத்தான்.

ஊசி ஏறியது.

ரெண்டாயிரத்தஞ்சு மழையில்
எங்கள் கிடங்குச் சுவரில் ஒரு ஓட்டை இருந்திருந்தால்
பின்பக்கம் சாய்ந்திருக்காது.
பேரேடுகள் மிதந்து போனதை
மேஜை மேல் நின்று பார்த்தேன்.

எனக்குப் பாலம் என்றால் எடை.
ரே ரோடு இரும்புக் கிடங்கில்
இருபத்தாறு வருஷமாய்க் கணக்கெழுதுகிறேன்.
போன மாசம் வெள்ளைக்காரன் காலத்து ரயில் பாலம் ஒன்று
ஏழு லாரியில் வந்து இறங்கியது.
துரு கழித்து, கிலோ இவ்வளவு என்று ரசீது போட்டேன்.
யாரோ இரண்டு பேர் பெயிண்டில் எழுதிய பெயர்களும்
அந்த எடையில்தான் சேர்ந்தன.

இந்தக் கல்லுக்கு என்ன ரேட் போடுவது?

மெஷின் சீறுகிறது. கதை ஓடுகிறது:
கழுதை மேல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்த சாமி ஒருவர்
பையில் சூரியனும் சந்திரனும் வைத்துக்கொண்டு
புதுப் பாலத்தைச் சோதிக்க வந்தாராம்.
பாலம் ஆடியதாம்.
கொத்தன் ஆற்றில் குதித்து
அடியிலிருந்து உள்ளங்கையால் தாங்கினானாம்.
குளம்பு பதிந்த இடத்தை
இப்போதும் காட்டுவார்களாம்.

எல்லாமே 'ஆம்'.
அவர் அந்த ஆற்றைப் பார்த்ததில்லை.
பிறந்தது நாக்பாடா.
அப்பா வந்த ஊரே அந்தப் பாலத்திலிருந்து
ஒரு ராத்திரி ரயில் தூரம்.
அறுபத்திரண்டில் சண்டை வந்தபோது
அந்த அப்பா வாராவாரம் போலீஸ் ஸ்டேஷன் போய்
இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று
கையெழுத்துப் போட்டார்.
அவரிடம் பல் கட்டிக்கொண்ட ஏட்டு ஒருவர்
பேனாவை நீட்டும்போது
வாயைத் திறக்கவே மாட்டாராம்.

இதைச் சொல்லும்போதும் மெஷினை நிறுத்தவில்லை.

பிறகு கண்ணாடி காட்டினார்.
விழுந்த பல்லின் இடத்தில் இருட்டு.
அதற்கு இருபுறமும்
சொத்தையே இல்லாத பல் இரண்டு
அரைபட்டு, சோளமணி அளவாய் நின்றன.
பாலம் போடணும்னா
ரெண்டு கரையும் கொஞ்சம் குறையணும், பாய்.

நல்ல பல்லையா என்று கேட்டிருப்பேன்.
பஞ்சு இருந்தது.

எழுந்து காசு கொடுத்தேன்.
இத்தனை நேரம் கேட்டதற்குப் பதிலாக
ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
படத்தைக் காட்டி "புல்" என்றேன்,
இந்தியில் பாலத்துக்கு அதுதானே.
மரத்த உதடு ஒட்டவில்லை.
காற்றாய்ப் பிரிந்து "ஃபூல்" என்று வந்தது.

பூவா? எங்கே? என்று
அவரும் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.
சிரிக்க முடியாத வாயோடு நான் சிரித்தேன்,
ஒரு பக்கம் மட்டும்.

எங்கள் பாஷையில் அது வெறும் புல்.
கிட்டப் போய்ப் பார்த்தேன்:
இரண்டாவது ஓட்டைக்கு மேலே, கல்லிடுக்கில்,
பச்சையாய் ஒரு கீறல் இருக்கிறது.
அச்சுப் பிழையோ, நிஜமாகவே புல்லோ.

அடுத்த செவ்வாய் அளவு பார்க்க வரும்போது
மூக்குக் கண்ணாடி எடுத்து வர வேண்டும்.